இறகா, முட்டையா? திருகோணமலைக் குளத்துப் பூச்சிகளை ஓராண்டு தொடர்ந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த இரவில் விறாந்தை ரியூப் லைட்டைத் தேடி ஈசல் மட்டும் வருவதில்லை. 'டொக்' என்று சுவரில் மோதிக் கீழே விழும் கருவண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்னங்கால்கள் துடுப்பு மாதிரித் தட்டையாக, ஓரத்தில் மயிர் வரிசையோடு இருக்கும். சீமெந்துத் தரையில் நடக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றித் தடுமாறும். அது குளத்து வண்டு. அரை மைல் தள்ளியிருக்கிற தண்ணீரை விட்டு, அன்றைக்கென்று பார்த்து ஏன் பறந்து வந்தது?

இந்தக் கேள்விதான் என்னைக் கொப்பியும் கையுமாகக் குளக்கரைக்கு இழுத்தது. பறப்பதற்கு நெஞ்சுப் பகுதியில் தடித்த தசை வேண்டும். முட்டை உருவாவதற்கும் அதே புரதமும் கொழுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் முழுதாக நடத்த பல நீர்ப்பூச்சிகளால் முடியாது. பறக்கிற காலம் ஒன்று, பெருகுகிற காலம் ஒன்று என்று வாழ்வைப் பிரித்துக்கொள்கின்றன. சில இனங்களில், புது நீரை அடைந்தவுடன் பெண் பூச்சியின் பறப்புத் தசை கரைந்து முட்டைக்கு உணவாகிவிடும். அதன்பின் இறகு இருக்கும், பறக்க முடியாது.

எந்தப் பூச்சி எப்போது பறக்கிறது, எப்போது முட்டை வைக்கிறது என்பதை வீட்டுச் சாமான்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஓராண்டு பொறுமை வேண்டும்.

முதற்படி: இரண்டு நீர்நிலைகளைத் தெரிவு செய்யுங்கள்

ஒன்று வற்றுகிற நீராக இருக்கட்டும். மோட்டை, வயலோரப் பள்ளம், மண் வெட்டிய கிடங்கு எதுவும் சரி. மற்றது கோடையிலும் தண்ணீர் நிற்கிற சிறு குளம். இரண்டும் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை போக முடியாத இடத்தைத் தெரிவு செய்தால் மூன்றாம் மாதம் கொப்பி வெறுமையாகிவிடும்.

வற்றும் நீரில் இருக்கிற பூச்சிக்குப் பறக்காமல் வழியில்லை. வற்றாத நீரில் இருப்பதற்கு அந்த அவசரம் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால்தான் ஒன்று போதாது என்கிறேன்.

கந்தளாய்க் குளம் இதற்குச் சரிவராது. அது கடல் மாதிரிப் பெரிது. கரையில் முதலை, அலைகரைக் காட்டில் யானை. நிலாவெளிப் பக்கத்துக் களப்புகள் உவர்நீர். கன்னியா ஊற்றுகள் வெந்நீர். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற சின்னக் குளங்களும் அவற்றைச் சுற்றியுள்ள மோட்டைகளும் மிகப் பொருத்தம். காட்டுச் சரணாலயத்துக்குள் இருக்கிற குளமென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்காதீர்கள்.

இரண்டாம் படி: மழைக்கணக்கைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்

ஐரோப்பியக் குளங்களைப் பற்றிய புத்தகங்கள் பகலின் நீளத்தைப் பெரிதாகப் பேசும். அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணித்தியால வித்தியாசம். பூச்சி அதைப் பார்த்தே நீண்ட இறகு வளர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. நாங்கள் வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறோம். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். எங்கள் ஊரில் கவனிக்க வேண்டியது தண்ணீரையும் காற்றையும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு மழை தொடங்கும். மார்கழி, தையில் வாடைக் காற்றோடு வடகீழ்ப் பருவமழை. குளம் நிரம்பி வான் பாயும். மாசிக்குப் பிறகு வெயில். சித்திரையில் சிலவேளை பின்னேர மழை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று. உதடு வெடிக்கும், மோட்டையும் வெடிக்கும். இதனோடு வயல்காரரின் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்போகத்துக்கு வயலில் தண்ணீர் நிற்கத் தொடங்கும் நாள், சிறுபோகத்துக்கு மடை திறக்கும் நாள், அறுவடைக்காகத் தண்ணீரை வடிக்கும் நாள். பூச்சிக்கு வயலும் ஒரு குளம்தான்.

மூன்றாம் படி: சாமான்கள்

பெரிய தேத்தண்ணி வடி ஒன்றை ஒரு முழக் கம்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பேசின், அடிமட்டம், கைவில்லை, ரோச் லைட், பழைய வெள்ளைச் சீலை, இரண்டு யார் கருப்புப் பொலித்தீன். கைத்தொலைபேசிக் கமரா போதும்.

போகும்போது கவனிக்க வேண்டியவை: காலில் காயத்தோடு சேற்றில் இறங்க வேண்டாம், வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. முழங்காலுக்கு மேல் ஆழம் தேவையே இல்லை. பூச்சிகள் பெரும்பாலும் கரையோரப் புல்லில்தான். பெரிய நீர்ப்பூச்சிகளை வெறுங்கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள், அவற்றின் ஊசிவாய் குத்தினால் குளவி கொட்டியது போல வலிக்கும். பார்த்து முடிந்ததும் பேசின் தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுங்கள். 2017 இல் கிண்ணியா டெங்கினால் பட்ட பாட்டைக் கண்டவர்கள் நாங்கள். ஆராய்ச்சியின் பெயரால் வீட்டு முற்றத்தில் நுளம்பு வளர்க்கக் கூடாது.

நான்காம் படி: ஆளை அடையாளம் காணுங்கள்

எல்லாப் பெயரும் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாறு வகையைப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

நீர்மேல் ஓடும் பூச்சி: நீண்ட கால்களை விரித்து, தண்ணீர்த் தோலில் நின்று வழுக்கி ஓடும். மல்லாக்க நீந்தும் பூச்சி: வயிறு மேலாக, இரண்டு நீண்ட கால்களால் துடுப்புப் போடும். நீர் வண்டு: செட்டையின் அடியில் காற்றைக் கட்டிக்கொண்டு மூழ்கும், பின்பக்கத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றைப் புதுப்பிக்கும். பெரிய இனங்களில் ஆண் வண்டின் முன்னங்கால் கிண்ணம் மாதிரி அகன்றிருக்கும், பெண்ணைப் பற்றிப் பிடிக்க. நீர்த்தேள்: வாலில் குழாய் இருக்கும், கொட்டுவதற்கு அல்ல, மூச்சுக்கு. இவற்றோடு தும்பிகளும் ஊசித்தும்பிகளும் அவற்றின் நீர்வாழ் குஞ்சுகளும்.

ஆறாவதாக ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புளியங்கொட்டையை விடச் சற்றுப் பெரிய, தட்டையான, மண்ணிறப் பூச்சி. விஞ்ஞானப் பெயர் டிப்ளோனிக்கஸ் ரஸ்டிகஸ். ஆம்பல் இலைக்கடியிலும் சல்வீனியா என்ற மிதக்கும் களைக்குள்ளும் வடியை விட்டால் கட்டாயம் வரும். ஒரு மார்கழிக் காலையில் நான் அள்ளிய பூச்சியின் முதுகில், தேன்கூட்டு அறைகள் மாதிரி நெருக்கமாக நிமிர்ந்து நின்ற முட்டைகள். தாய் என்றே நினைத்தேன். அது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிக்கும்வரை சுமப்பது தகப்பன்.

பேசினில் வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து முதுகை மட்டும் காற்றில் காட்டும். பிறகு கொஞ்சம் அமிழ்ந்து, பின்னங்காலால் முட்டைகளைத் தடவும். திரும்பவும் மேலே. முட்டை முழுக்க மூழ்கினால் மூச்சு முட்டும், முழுக்கக் காய்ந்தாலும் செத்துவிடும். அதற்காகத்தான் இந்த ஓயாத ஏற்ற இறக்கம். இன்னொன்றும் உண்டு: முட்டை ஒட்டியிருப்பது அதன் செட்டைகளின் மேல். செட்டையை விரிக்க வழியில்லை. குஞ்சுகள் பொரித்து அந்த ஒட்டு கழன்று விழும்வரை அந்த ஆண் பறக்க முடியாது, குளம் வற்றினாலும்கூட. இறகா முட்டையா என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் கண்ணுக்குக் காட்டுகிற பூச்சியை நான் காணவில்லை.

ஆகவே கொப்பியில் ஒரு நிரலை இதற்கென்றே ஒதுக்குங்கள்: இன்று எத்தனை பேரைக் கண்டேன், அதில் எத்தனை பேரின் முதுகில் முட்டை.

ஐந்தாம் படி: பறக்குமா, பறக்காதா என்று சோதியுங்கள்

நீர்மேல் ஓடும் பூச்சிகளில் இது மிக இலகு. ஒரே இனத்துக்குள்ளேயே நீண்ட இறகுள்ளவையும் இறகே இல்லாதவையும் உண்டு. எங்கள் பக்கத்தில் பரவலாக உள்ள லிம்னோகோனஸ் வகைகள் அப்படித்தான். இருபது பூச்சியை அள்ளி வில்லையால் முதுகைப் பாருங்கள். வயிற்றின் நுனிவரை இறகு மூடியிருந்தால் ஒரு கோடு, வயிறு வெறுமையாகத் தெரிந்தால் ஒரு வட்டம். பொதுவாக, நிலையற்ற நீரில் இறகுள்ளவை கூட, நிலையான நீரில் இறகில்லாதவை கூட. இறகு வளர்க்காதது மிச்சம் பிடித்ததை முட்டைக்குப் போடுகிறது. குஞ்சுகளை எண்ணிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்; வளர்ந்தவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வண்டிலும் மல்லாக்க நீந்துவதிலும் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் இறகு இருக்கும், உள்ளே தசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு வெயிற் சோதனை. காலை ஒன்பது மணியளவில் வெள்ளைச் சீலையை விரித்து, பூச்சியை அதில் விட்டு உலர விடுங்கள். பறக்கக்கூடியது கால்களால் உடம்பைத் துடைக்கும், செட்டையை ஒருமுறை தூக்கிப் பார்க்கும், நெஞ்சு நடுங்கும், பிறகு கிளம்பிவிடும். அந்த நடுக்கம் தசையைச் சூடாக்குவதற்கு. பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் வெயிலில் வைத்திருக்க வேண்டாம். கிளம்பாததைத் தண்ணீரில் விட்டுவிட்டு 'பறக்கவில்லை' என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: இரவில் வெளிச்சம், பகலில் கருப்புப் பொலித்தீன்

கிண்ணியாப் பக்கத்தில் வயல் செய்யும் நானா ஒருவரிடம், எந்த நாளில் லைட் போட்டால் பூச்சி கூட வரும் என்று கேட்டேன். "தம்பி, நிலவுக்கு ஒண்டும் வராது. அமாவாசைக் கிழமையில மழ இருட்டோட புழுக்கமா இருக்கிற நாளாப் பாத்துப் போடுங்க, சுளகால அள்ளலாம்" என்றார். அவர் சொன்னது சரி. முழுநிலவில் விளக்குக்கு வரும் பூச்சிகளின் எண்ணிக்கை குறையும் என்பது உலகெங்கும் விளக்குப் பொறி வைப்பவர்கள் கண்டது. அதனால் நிலவுள்ள இரவையும் அமாவாசை இரவையும் ஒப்பிட்டு 'இந்த மாதம் பறப்பு குறைவு' என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு மாதமும் அமாவாசையை ஒட்டி ஒரே நாள், பொழுதுபட்டதிலிருந்து இரண்டு மணித்தியாலம், ஒரே பல்ப். சீலையில் வந்திறங்குபவற்றை எண்ணுங்கள்.

இந்த விளக்குக்குத்தான் அந்தப் பெரியவரும் வருவார், லெத்தோசெரஸ் இண்டிகஸ் என்கிற, உள்ளங்கை நீளத்தில் முக்காற்பங்கு வருகிற நீர்ப்பூச்சி. கரப்பான் என்று செருப்பால் அடித்துவிடாதீர்கள். அதன் இனத்தில் பெண் தண்ணீருக்கு மேலே நிற்கும் கோரைத் தண்டில் முட்டை வைக்கும். ஆண் காவலிருந்து, தண்ணீரிலிருந்து ஏறி ஏறி முட்டையை நனைக்கும். ஆகவே மாரியில் பன்னையும் கோரையையும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பாருங்கள். கொத்தாக, பட்டை போட்ட முட்டைகள் தெரிந்தால் கோரையை முறிக்காமல் படமெடுத்துவிட்டு விலகிவிடுங்கள்.

பகலில் பறப்பவை தண்ணீரை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கிடையாக முனைவாக்கம் அடைகிறது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் கிடைத்திசையில் மட்டும் அதிர்கின்றன. எங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் பூச்சிக் கண்ணுக்குத் தெரியும். கருமையான, வழுவழுப்பான எதுவும் அவற்றுக்குக் குளமாகத் தெரிந்துவிடும். வளைகுடாப் போருக்குப் பிறகு குவைத்தில் தேங்கிய எண்ணெய்க் குட்டைகளில் நீர்ப்பூச்சிகள் விழுந்து மடிவதைப் பற்றி 1996 இல் நேச்சர் சஞ்சிகையில் ஆய்வுக் குறிப்பு வந்தது. கழுவித் துடைத்த காரின் பொனற்றில் தும்பி வாலைத் தட்டித் தட்டிப் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அது விளையாட்டு இல்லை, முட்டை வைக்கிறது. அந்தச் சூட்டில் முட்டை தப்பாது.

இதையே நாம் சோதனையாக்கலாம். குளத்திலிருந்து ஐம்பதடி தள்ளி, வெட்டவெளியில் கருப்புப் பொலித்தீனைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணித்தியாலம் மட்டும், பக்கத்தை விட்டு நகராமல் இருந்து பாருங்கள். மல்லாக்க நீந்தும் பூச்சி மழைத்துளி விழுவது மாதிரிச் சொட்டுச் சொட்டாக வந்து விழும், விழுந்து துள்ளும். உடனே எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். ஒருமுறை நான் பொலித்தீனை விரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்ப் பேச்சில் நேரத்தை விட்டேன். திரும்பி வந்தபோது ஏழெட்டுச் சூட்டில் செத்துக் கிடந்தன. அதன்பிறகு ஆளில்லாமல் விரிப்பதில்லை. ஹங்கேரியில் இதே முறையில் ஆய்வு செய்தவர்கள் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளைகளில் பறப்பு கூடுவதைக் கண்டார்கள். எங்கள் நண்பகல் வெயிலில் பொலித்தீன் கொதிக்கும். காலை ஏழரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தோற்கூட்டிலிருந்து மழை நாளுக்குத் திரும்பிக் கணக்குப் பாருங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகப் பிடித்தது.

தட்டாரப் பூச்சி தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்பார்கள். ஐப்பசியில் வெளியிலும் வயலிலும் இறங்காமல் வட்டமிடுகிற மஞ்சள் தும்பிக் கூட்டத்தைப் பாருங்கள். விஞ்ஞானப் பெயர் பன்டாலா ஃபிளேவெசென்ஸ். அகன்ற பின்னிறகை விரித்துக் காற்றில் மிதக்கும், அதனால்தான் அவ்வளவு தூரம் போக முடிகிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும் நன்னீர்க் குளமே அரிதான மாலைதீவில் இவை பெருங்கூட்டமாக வந்திறங்குவதைக் கண்ட சார்ள்ஸ் அண்டர்சன் என்ற கடலியல் உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவரை போகின்றன என்று 2009 இல் எழுதினார். ஒரே தும்பி போய்த் திரும்புவதில்லை. மழை விழுந்த இடத்தில் முட்டை வைத்து, பிள்ளைகள் அடுத்த மழையை நோக்கிக் கிளம்ப, பல தலைமுறைகள் சேர்ந்து அந்தச் சுற்றை முடிக்கின்றன.

இந்தத் தும்பி நிரந்தரக் குளத்தை விடப் புது மழைத்தண்ணீரையே நாடும். அங்கே மீன் இல்லை, மற்றத் தும்பிக் குஞ்சுகளும் இன்னும் இல்லை. ஆனால் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. அதனால் குஞ்சு ஓட்டமாக வளர்கிறது: முட்டையிலிருந்து இறகு விரிக்கும்வரை 38 முதல் 65 நாட்கள்வரை. சில பெருந்தும்பிகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கிற வேலை இது.

செய்ய வேண்டியது: மோட்டையில் முதல் தண்ணீர் தேங்கிய நாளைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஐந்தாவது கிழமை தொடங்கி, விடியற்காலையில் போய்ப் புல் தண்டுகளைப் பாருங்கள். தும்பிக் குஞ்சு தண்ணீரை விட்டு ஏறி, முதுகு பிளந்து, தும்பியாக வெளியேறிய வெறுங்கூடு தண்டைப் பற்றியபடி இருக்கும். வைக்கோல் நிறம், உள்ளே வெள்ளை நூல்கள் தொங்கும். அவை மூச்சுக் குழாய்களின் உட்தோல். கூடுகளை எண்ணிச் சேகரியுங்கள், அடுத்த முறை அதையே திரும்ப எண்ணாமலிருக்க. ஐப்பசி மழை ஒக்டோபர் 20 இல் மோட்டையை நிரப்பியதென்றால், அன்றே முட்டை விழுந்திருந்தாலும் முதற்கூடு நவம்பர் 27 அளவில்தான் வரலாம், டிசம்பர் 24 வரை இழுக்கலாம். அதற்கு முன்னரே பெரிய தும்பிக்கூடு கண்டால் அந்தத் தண்ணீர் நீங்கள் நினைத்ததை விடப் பழையது.

எட்டாம் படி: கோடையை விட்டுவிடாதீர்கள்

மோட்டை வற்றியதும் பலர் நிறுத்திவிடுவார்கள். பெரிய தவறு. மோட்டை சுருங்கச் சுருங்க அள்ளும் பூச்சிகளின் தொகை ஏறும். தண்ணீர் குறைந்ததால் நெருக்கம். சூடும் நெருக்கமும் கூடிய அந்த நாட்களில்தான் வெயிற் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். எரெட்டிஸ் என்ற நீர் வண்டு வகையைப் பற்றி 1985 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு குறிப்பு, பாலைவனக் குட்டை ஒன்று வற்றும் தறுவாயில் வண்டுகள் ஒன்றாகக் கூட்டமாகக் கிளம்பிப் போனதைப் பதிந்திருக்கிறது. அப்படியொரு காட்சி எங்கள் மோட்டைகளில் யாருக்கும் கிடைத்தால் அது பெரும் பேறு.

அதே கிழமைகளில் மற்றக் குளத்துக்குப் போங்கள். ஆனி, ஆடியில் அங்கே வண்டும் மல்லாக்க நீந்துபவையும் கூடியிருக்கிறதா? முதுகில் முட்டை சுமப்பவர்கள் எத்தனை? சிறுபோக வயலில் தண்ணீர் நிற்கும்வரை அதுவும் ஒரு புகலிடம். மருந்தடித்த வயலில் வடியை விட்டுப் பார்த்தால் நான் சொல்லாமலே விளங்கும். அந்த நாளையும் எழுதுங்கள். நுளம்புக்கென்று குளத்தில் கப்பி மீனை விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். கப்பி நுளம்புப் புழுவோடு சின்னத் தும்பிக் குஞ்சையும் சேர்த்தே தின்னும்.

முழுதாக வற்றிய மோட்டையின் வெடிப்புக்குள், ஈரமிருக்கும் ஆழத்தில், மண்கட்டியைப் புரட்டிப் பாருங்கள். சிலவேளை ஒரு நீர்த்தேள் அசையாமல் கிடக்கும். திரும்ப மூடிவிடுங்கள்.

கொப்பி எப்படி இருக்க வேண்டும்

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். திகதி, தமிழ் மாதம், நிலவு, காற்று வாடையா கச்சானா, கடைசி மழை என்று. இரண்டு நீர்நிலைக்கும் தனித்தனியே நீர்மட்டம். கரையில் ஒரு தடி நட்டு அடையாளம் கீறினால் போதும். ஒவ்வொரு இடத்திலும் வடியைப் பத்துத் தடவை வீசுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அதன் கீழே எண்ணிக்கைகள்: இறகுள்ளவை, இல்லாதவை, வெயிலில் பறந்தவை, முட்டை சுமந்தவை, கூடுகள். ஒன்றும் அகப்படாத நாளில் சுழியம் போடுங்கள். வெறும் இடமாக விட்டால் போகவில்லையா, காணவில்லையா என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

கார்த்திகையில் தொடங்காதீர்கள், அதற்குள் எல்லாம் வந்து குடியேறிவிடும். புரட்டாதியில் தொடங்குங்கள், மோட்டை காய்ந்து கிடக்கும்போதே. தடியை இப்போதே நட்டுவிட்டால், முதல் மழைக்கு மறுநாட் காலை அந்தச் சேற்றுத் தண்ணீரில் யார் முதலில் வந்திறங்கினார் என்பதை நீங்கள் பார்க்கலாம்.